தெருப்பக்கத்து ஜன்னல்

இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு வருகிறவருக்குப் பகலில்தான் தூக்கம். ஆனால் அந்த ஓட்டுநரின் மாடிப் படுக்கையறை தெருவைப் பார்த்திருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் போனாலே பழைய மரஜன்னல் கடகடவென்று ஆடும். நூறு வயது தாண்டிய வீடு. பாதுகாக்க வேண்டிய வீடு என்று நகராட்சி அறிவித்திருந்ததால், தெருவிலிருந்து தெரிகிற எதையும் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது.

"யாரு அண்ணாந்து பாக்கப் போறா?" என்று நினைத்துக்கொண்டார் ஓட்டுநர். மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து மரஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போகும்படி ஒரு தச்சரிடம் சொல்லி, இழுத்துத் திறக்கிற அலுமினிய ஜன்னலைப் பொருத்தினார்.

மனைவி அந்த அறையில்தான் மாலையில் துணி தைப்பாள். வந்து நின்று பார்த்தாள்.

"சத்தம் கேக்குதா பாரு," என்றார் பெருமையாக.

"சத்தமும் இல்ல, காத்தும் இல்ல. பாதிதானே திறக்குது? எனக்கு வேர்த்துக் கொட்டுது."

ஓட்டுநர் 'ம்' கொட்டினார். அவள் தினமும் சொன்னாள். அவரும் தினமும் 'ம்' கொட்டினார்.

பிறகு நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். புகார் வந்திருக்கிறது, ஜன்னலைப் பழையபடி வைத்தாக வேண்டும் என்று தன்மையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்வீட்டு வாத்தியாரின் வேலைதான் இது என்று ஓட்டுநர் முடிவு கட்டினார். தெருவில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அவரை வைது தீர்த்தார்.

"பாவம், அவரைத் திட்டாதீங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடியே. "போன் பண்ணுனது நான்தான்."

ஓட்டுநர் சட்டென்று திரும்பினார். "என்னையே காட்டிக்குடுத்தியா?"

"நான் சொன்னா உங்க காதுல ஏறல. அந்தம்மா ஒரே ஒரு தடவ சொன்னாங்க, கையக் கட்டிக்கிட்டுக் கேட்டீங்க."

கோபம் ஆற நாளாயிற்று. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அதிகம் உறுத்தியது. கடைசியில் அலுவலகத்துக்கே போய், "அப்ப நான் தூங்கவே கூடாதாம்மா?" என்று கேட்டார்.

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். "தாராளமா தூங்குங்க. வெளிப்பக்கம்தான் மாறக் கூடாது. பழைய ஜன்னலைச் சரிபண்ணி மாட்டுங்க. உள்பக்கம் இன்னொரு கண்ணாடிக் கதவு வெச்சா சத்தம் குறையும். வேணும்கிறப்ப ரெண்டையும் திறந்துக்கலாம். வரைபடம் குடுங்க, அனுமதி தரேன்."

நல்லவேளை, தச்சர் பழைய ஜன்னலை இன்னும் உடைக்கவில்லை. அடிச்சட்டம் மட்டும் உளுத்திருந்தது. அதை மாற்றி, ஆட்டத்தை நிறுத்திப் பொருத்தினார். உள்ளே கண்ணாடிக் கதவும் வந்தது.

அன்று வேலையிலிருந்து திரும்பும்போது ஓட்டுநர் வாத்தியார் வீட்டு வாசலில் நின்றார். "கொஞ்ச நாளா ஒரு யோசனையில இருந்துட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். வாத்தியாருக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

ஓட்டுநர் மேலே போய்ப் படுத்தார். அடித்துப் போட்டாற்போல் தூக்கம். மாலையில் மனைவி இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தபோது முகத்தில் காற்றுப் பட்டு விழித்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மனைவி 'ம்' கொட்டினாள்.