கூண்டில் போட்ட பிள்ளை

என் மகன் எவாரிஸ்தோவுக்குப் பதினான்கு மாதம். சோளக்கஞ்சியோ அவரை மசியலோ, எது கொடுத்தாலும் கிண்ணத்தை வழித்துவிடுவான். ஆனால் மூன்று மாதமாக அறுபத்தொன்பது சென்டிமீட்டரிலேயே நிற்கிறான். தின்றதெல்லாம் எங்கேதான் போகிறது?

போன வருடம் சுகாதாரத் தொண்டர் பிதேலியா எங்கள் வீட்டுக்கு ஐந்து கோழி கொண்டுவந்தாள். "தெனம் ஒரு முட்டை குடுக்கா, புள்ள கிடுகிடுன்னு வளந்துருவான்."

இந்த வருடம் அதே பிதேலியா முற்றத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "தரையெல்லாம் கோழி எச்சம். அதுல தவழ்ந்துட்டுக் கைய வாயில வைக்கிறான். கொடலு கெட்டா தின்னது ஒடம்புல ஒட்டாதுக்கா."

"கோழி குடுத்ததே நீதானடி!"

"அப்ப குவாத்தமாலா டவுன் டாக்டருங்க முட்டைய மட்டுந்தான் சொல்லிக்குடுத்தாங்க. எச்சத்த இப்பத்தான் சொல்றாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோழிகளைக் கூண்டில் அடைத்தேன். எட்டே நாளில் முட்டை நின்றது. திறந்துவிட்டேன், முட்டை வந்தது, கூடவே பையனுக்கு வயிற்றுப்போக்கும் வந்தது.

"அப்ப புள்ளைய உள்ள போடு, கோழிய வெளிய விடு," என்றான் என் கணவன் பல்தசார். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் கூண்டைத் தேய்த்துக் கழுவி, பாய் விரித்து, பிள்ளையை உள்ளே விட்டேன்.

"ஏண்டி தொமாசா, ஒம் மவன் இன்னிக்கு எத்தன முட்டை இட்டான்?" என்று பக்கத்து வீட்டு மிக்காயெலா தினமும் கேட்டாள். செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் அழுவான். செய்வது சரியா தப்பா என்று தெரியாமல் நானும் அழுவேன்.

ஒரு மாதம் கழித்துப் பிதேலியா வந்து அளவு எடுத்தாள். பலகையில் படுக்கவைத்துக் காலடியில் கட்டையைத் தள்ளி இரண்டு முறை அளப்பது வழக்கம். முதல்முறை எழுபத்தொன்று. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். மறுமுறை அறுபத்தொன்பதரை.

"எதுடி நெசம்?"

"ஒதைக்கிறான்க்கா. முழங்காலு மடங்கினா கொறச்சுக் காட்டும். இன்னொருக்கா பாத்துரலாம்."

நானே முழங்கால்களைப் பிடித்துப் பலகையோடு அழுத்தினேன். அலறினான். இன்னும் அழுத்தினேன்.

"விடுக்கா, புள்ளைக்கு வலிக்குது."

"நீ அளவைப் பாருடி," என்றேன்.