வராத அலைக்கு ஓடியவன்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன செவ்வாய்க்கிழமை என் மனைவி அருந்ததி, வாசலோர ஆணியில் தொங்கும் நீலப் பைலைக் கழற்றி, தன்னுடைய பத்திரங்களை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு பைலில் போட்டாள். அடுத்த மாதம் மகள் ஹம்சிகாவிடம் மெல்பேர்ன் போகிறாள். திரும்பி வரும் திகதியைக் கேட்டேன். இன்னும் போடவில்லை என்றாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயம் வந்தால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். நான் கதை எழுதுவேன்.

2

முதல் தொடக்கம்: “2012 ஏப்ரல் பதினோராம் திகதி, சுமத்திராவுக்கு மேற்கே இரண்டு புவித்தகடுகள் பயங்கரமாக மோதிக்கொண்டபோது, கொழும்பு வெள்ளவத்தையில் சாந்தகுமார் என்பவர்...”

(மோதவில்லை. இரண்டு தகடும் இல்லை. பிறகு சொல்கிறேன். – அ.)

அடைப்புக்குறிக்குள் இருப்பது அருந்ததி. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள். தாள்களை மேசையில் விட்டுவிட்டுப் பாண் வாங்கப் போனது என் பிழை. வந்து பார்த்தால் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுதியதை வெட்டிவிடலாம்தான். ஆனால் அவள் சொல்வது சரி, அதுதான் கரைச்சல்.

இரண்டாம் தொடக்கம்: “தகடுகள் மோதினால் இமயம் எழும்பும். ஒன்று மற்றதன் கீழே போனால் ஆழ்கடல் அகழியும் எரிமலையும், 2004இல் போலப் பேரலையும். விலகினால் கடலடியில் புதிய மலைத்தொடர். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனால்...”

இது கதையில்லை, டியூட்டரி நோட்ஸ். கைவிட்டேன்.

3

சாந்தகுமார் கப்பல் கம்பனியொன்றில் கிளார்க். அவதானமான மனிதர். அவர் செய்ததை விளங்கிக்கொள்ள அந்தப் பைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்திமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் எங்களுடைய தமிழ் வீடுகள் பலவற்றில் வாசலோரம் இப்படி ஒன்று இருக்கும். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவு, பாஸ்போர்ட், காணி உறுதி எல்லாம் அதில். ஏதாவது நடந்தால் கை முதலில் அதற்குத்தான் போகும். யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் கை மறக்கவில்லை.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு, நாலாம் மாடியில் ஃபேன் தானாக ஆடியது. சுமத்திராப் பக்கம் பூமியதிர்ச்சி, அளவு எட்டு தசம் ஆறு என்றது டீவி. கொஞ்ச நேரத்தில் சுனாமி எச்சரிக்கை. கடலோர மரைன் டிரைவிலிருந்து சனம், உள்ளே இருக்கும் பெரிய தெருவான காலி வீதியை நோக்கி ஓடியது. சாந்தகுமார் பைலை எடுத்துக்கொண்டு ஓடினார். காலி வீதியில் வைத்து மூன்றாம் மாடி ஸாலிஹ் நானா அவரைப் பார்த்துக் கேட்டார்:

“டீச்சர் எங்க?”

டீச்சர், அவருடைய மனைவி, குளியலறையில் முழுகிக்கொண்டிருந்தாள்.

4

இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்? ஆகவே திருத்தினேன்: “உடனே திரும்பி ஓடினார். ஆனால் பொலிஸ் மறித்து...”

(பொலிஸ் நின்றது மரைன் டிரைவில். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. ஸாலிஹ் நானா எப்படி மேலே வந்தார்? – அ.)

சரி. ஸாலிஹ் நானாதான் நாலு மாடி ஏறிப் போய்க் கூப்பிட்டார். அவள் வரவில்லை. நான் சாப்பாட்டுக் கடையொன்றின் முன்னால் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். [‘நின்றார்’ என்று எழுதியிருக்க வேண்டும். விடுங்கள்.]

அலை வரவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். அவள் ஈரத்தலையோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“உம்மட சேர்ட்டிபிக்கற் எல்லாம் பத்திரமா இதுக்கதான் கிடக்கு,” என்றேன்.

“நான் அதுக்க இல்லை,” என்றாள்.

பிறகு தேத்தண்ணீர் தந்தாள். அதற்குப் பிறகும் தினமும் தந்தாள். அதில்தான் நான் ஏமாந்துபோனேன்.

5

அன்றைக்கு அலை ஏன் வரவில்லை என்று நேற்றுத்தான் அவளிடம் கேட்டேன், கதைக்காக என்று சாட்டுச் சொல்லி. கடலடி பக்கவாட்டில் நழுவியதாம். மேலெழாததால் தண்ணீரைத் தூக்கிவிட ஒன்றுமில்லையாம். அதிலும் விசேஷம், அது தகட்டின் விளிம்பில் நடக்கவேயில்லை, நடுவில் நடந்தது. ஒரே தகடு என்று அவள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இந்திய-ஆஸ்திரேலியத் தகடு, உள்ளுக்குள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறதாம். மேலே குடியிருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம்.

[இந்த இடத்தில் ஒரு உவமை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உங்களுக்கும் தெரிகிறது. உள்ளே விடமாட்டேன்.]

(நன்றி. – அ.)

6

முடிவு ஒன்று: விமான நிலையத்தில் அவள் திரும்பிப் பார்த்து, வரும் திகதியைச் சொல்கிறாள்.

(சினிமா. – அ.)

முடிவு இரண்டு: சுமத்திராப் பக்கம் மறுபடி அதிர்கிறது. இந்த முறை சாந்தகுமார் பைலைத் தொடாமல் நேரே குளியலறைக்கு...

(ஒரு மனுசியைக் கூப்பிட எட்டு தசம் ஆறு வேணுமோ? – அ.)

மூன்றாவது முடிவுக்கு ஒரு வசனம்தான் தேவை. இத்தனை வருடமாகச் சாந்தகுமார் சொல்லாத வசனம். “அருந்ததி, அண்டைக்கு நான்” என்று தொடங்கினேன். அதற்குமேல் ஓடவில்லை. தாளை மேசையில் வைத்தேன், இந்த முறை வேண்டுமென்றே. காலையில் பார்த்தால், அந்த மூன்று சொற்களுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு புள்ளிக்கோடு. அதன் கீழே:

(வாக்கியத்தைப் பூர்த்தி செய்க. – அ.)

இப்போது அவள் முழுகுகிறாள். தண்ணீர் விழும் சத்தம் இங்கே கேட்கிறது. அந்தக் கோட்டை நீங்கள் உங்களுக்குப் பட்டபடி நிரப்பிக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவதில்லை. பேனையை வைத்துவிட்டுக் கதவடிக்குப் போகிறேன், வெறுங்கையோடு.

தண்ணீர் நின்றுவிட்டது.