அயர்லாந்துக்கு ஒரு மில்லி அதிகம்

சதுரங்கப்பட்டினத்தில் ரயில் கிடையாது. கடல் உண்டு, டச்சுக்காரன் கட்டிய கோட்டை உண்டு, ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வரும் கார்கள் உண்டு. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் பிறந்த பொன்னி, கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒருநாள் கைப்பேசியில் அயர்லாந்து ரயிலைப் பார்த்தாள். அலை வந்து தெறிக்கிற தூரத்தில் தண்டவாளம். அதன்மேல் ஆரஞ்சும் கறுப்புமாக ஓர் இன்ஜின், கடலோடு பந்தயம் விட்டுக்கொண்டு போனது. அன்றைக்குப் பிடித்த பித்து அவளை விடவே இல்லை.

கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வேலை சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைப்பது. கழித்துப்போட்ட போர்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து, தீக்குச்சி மாதிரி கீறி, பொம்மை ரயிலுக்குத் தண்டவாளக் கட்டைகள் செய்தாள். அவற்றின்மேல் கம்பியை ஈயத்தால் ஒட்டினாள். இன்ஜினுக்குச் சைக்கிள் கம்பியில் அச்சு வெட்டினாள். அயர்லாந்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தே கால் அடி. உலகத்தில் சில நாடுகளில்தான் அப்படி. அடிக்கு நாலு மில்லி என்று அவள் கணக்கில் இருபத்தொரு மில்லி. கம்பிகளுக்கு நடுவே வைத்துப் பார்க்க அதே நீளத்தில் ஓர் அளவுத்துண்டும் வெட்டி வைத்தாள். அந்த அகலத்தில் பொம்மைத் தண்டவாளம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

செங்கல்பட்டில் நடக்கும் பொம்மை ரயில் கண்காட்சிக்குப் பொறுப்பாளர் கேசவன், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல்முறை பார்த்தபோதே சொன்னார்: "கடையில பதினாறரை மில்லி கிடைக்குதேம்மா, அதைப் போட்டுக்கோ. யார் அளந்து பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன் சார்" என்றாள் பொன்னி.

அவர் சிரித்துவிட்டு அவள் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து, இந்தச் சனிக்கிழமை, கல்யாண மண்டபத்தில் அவளுக்கு ஒரு மேசை கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். பதினோரு மணிக்குக் கதவு திறக்குமுன் ரயில் கைபடாமல் ஒரு சுற்று வர வேண்டும். வராவிட்டால் மேசை பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

பத்தேகாலுக்குப் பொன்னி விசையைத் திருகினாள். நாலு பலகைகளைச் சேர்த்த வட்டத்தில் ரயில் கிளம்பியது. முதல் பலகையில் சுரங்கம், இரண்டாவதில் நீலப் பெயிண்ட் கடல், மூன்றாவதில் ஸ்டேஷன். நாலாவது பலகை, வளைவு. இன்ஜின் அதில் நுழைந்தது, ஒரு சாண் போனது, எருமை சேற்றில் இறங்குவது போல இரண்டு கம்பிகளுக்கும் நடுவே சொத்தென்று உட்கார்ந்தது.

பொன்னி அளவுகோலை வைத்தாள். இருபத்திரண்டரை.

அந்த வளைவைப் போட்டவன் அவள் புருஷன் ஏசுபாதம். ரயில்வேயில் டிராக்மேன். பதினெட்டு வருடமாகத் தண்டவாளத்தோடுதான் வாழ்க்கை. அவள் ஷிப்டில் இருந்த வியாழக்கிழமை மதியம், தனக்கு ரெஸ்ட் என்பதால், மிச்சமிருந்த பலகையை ஆசையாக முடித்து வைத்திருந்தான்.

"இன்னாய்யா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? நீ வெட்டி வச்ச அளவுத்துண்டு டைட்டா கீது. ஒரு மில்லி கம்மி. சரி பண்ணி வேற ஒண்ணு வெட்டிகினேன்."

"சரி பண்ணியா?"

"அஞ்சரை அடிக்கு இருபத்திரண்டு. அப்புறம் வளைவுன்னா கொஞ்சம் லூஸ் உடணும், அதுக்கு அரை. கரீட்டா இருக்குது பாரு!"

"அஞ்சரை நம்மூர்ல யா! அயர்லாந்துல அஞ்சேகால்! நூறு தபா சொன்னனே!"

"சொன்ன. எனக்குத்தான் மனசு ஒப்பல. மூணு இஞ்சி கம்மியா உட்டுகினு, ராத்திரி எப்படித்தான் தூங்குறானுங்களோ அந்தாளுங்க."

பொன்னிக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

அப்போது மண்டப வாசலில் ஆரஞ்சுச் சட்டைகள் தெரிந்தன. ஏசுபாதத்தின் கேங் ஆட்கள் ஆறு பேர், டியூட்டி முடித்த கையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முன்னால் கேங் மேஸ்திரி ஜெயக்குமார். விழுந்து கிடந்த இன்ஜினைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, தடம் புரண்டுச்சா? எவன் போட்ட லைனு?"

ஏசுபாதம் மேல்கூரையைப் பார்த்தான்.

ஜெயக்குமார் நேராகக் கேசவனிடம் போனார். "சார், பத்து இருபது ஆவுது. முப்பது நிமிஷம் லைன் பிளாக் குடுங்க."

வண்டிகளை நிறுத்திவைத்துத் தண்டவாளத்தில் வேலை பார்க்கக் கேட்கும் அனுமதி அது என்று கேசவனுக்குப் புரியவில்லை. ஆனால் கேட்ட தோரணையில் கடிகாரத்தைப் பார்த்து, "எடுத்துக்கோங்க" என்றுவிட்டார்.

நகர்த்த வேண்டியது வெளிக்கம்பி ஒன்றை மட்டும். நாற்பத்துநாலு கட்டைகள். கடப்பாறை பிடித்த கைகளுக்குப் பொன்னியின் தலையிலிருந்து ஆறு ஹேர்பின்கள் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. அவள் சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்க உருக்க, ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியை நெம்பினார்கள். பாட்டில்லாமல் தண்டவாளம் நகர்த்தி அவர்களுக்குப் பழக்கமில்லை. ஜெயக்குமார் குரலெடுத்தார்.

"மாமியா வூட்டாண்ட தள்ளு!"

"ஏலசா!"

"மச்சினி பார்க்குறா, மெல்லத் தள்ளு!"

"ஏலசா!"

மண்டபமே இவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டது. மற்ற மேசைகளில் ஜப்பானும் சுவிட்சர்லாந்தும் ஆளில்லாமல் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. ஏசுபாதம் மனைவியின் அளவுத்துண்டை ஒவ்வொரு கட்டையிலும் வைத்துப் பார்த்து, "டைட்டுதான்... டைட்டுதான்..." என்று முனகியபடி தலையாட்டினான்.

கடைசிக் கட்டை முடிந்தபோது மணி பத்து ஐம்பத்தாறு. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் போதும். பொன்னி விசையில் கை வைத்தாள். ஏசுபாதம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"புதுசா வேலை பண்ண லைனு. மொத வண்டி நடந்துதான் போவணும்."

"டைம் இல்லய்யா!"

"வண்டி போனாலும் போவுது, ரூலு போவாது" என்றார் ஜெயக்குமார். ஆறு பேரும் வளைவின் ஓரத்தில் வரிசையாக நின்று, மெதுவாக வரச் சொல்லிக் கையைத் தாழ்த்திக் காட்டினார்கள்.

ரயில் சுரங்கம் கடந்தது, கடல் கடந்தது, ஸ்டேஷன் கடந்தது, வளைவுக்கு வந்ததும் எறும்பாயிற்று. ஒரு கட்டை. இன்னொரு கட்டை. கேசவன் முழங்காலிட்டு, மோவாயை மேசைமேல் வைத்துச் சக்கரத்தையே பார்த்தார். வெளியே கூட்டம் கதவைத் தட்டியது. பட்டியலில் அடுத்தவர் பெட்டியோடு வந்து நின்று, "சார், பதினொண்ணு ஆயிடுச்சு" என்றார்.

யாரும் திரும்பவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. இன்ஜின் ஒருமுறை தடுமாறியது. ஆறு ஆரஞ்சுச் சட்டைகளும் ஒன்றாக "ஏய்ய்ய்" என்றன. அது நிமிர்ந்தது. நாற்பத்துநாலைத் தாண்டிச் சுரங்க வாயைத் தொட்டபோது மண்டபம் அதிர்ந்தது.

"பதினொண்ணு மூணு சார்!" என்றார் பெட்டிக்காரர்.

கேசவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மூணு நிமிஷத்தையெல்லாம் லேட்டுன்னு சொன்னா, இந்த ஊர்ல ஒரு ரயிலும் வராது சார்."

கதவு திறந்தது. உள்ளே பாய்ந்த கூட்டம் நேராக ஆரஞ்சுச் சட்டைகளை நோக்கி வந்தது. ஏசுபாதம் வளைவின்மேல் கடைசியாக ஒருமுறை அளவுத்துண்டை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினான்.

"போலாம். ஃபுல் ஸ்பீடு."

பொன்னி விசையைக் கடைசிவரை திருகினாள்.