மாலை போட்ட படம்

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை, நல்லம்மாள் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு ஹோட்டல் வாசலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பாள். வருஷம் தவறியதில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதம் அந்த வழியாகத்தான் வரும். கடல் தாண்டி அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து வருகிறவளுக்கு ரதம் பார்க்க வேறு இடமா இல்லை? ஆனால் அந்த வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையைத் தவிர வேறெங்கும் அவளுக்குக் கால் நிற்காது.

ஒரு காலத்தில் அந்த ஹோட்டல்தான் அவள் வீடு. கீழே புருஷன் பக்கிரிசாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார், மேலே குடியிருந்தார்கள். ஒரே மகன் புவனேஸ்வரன் பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, உடுத்திய துணியோடு வெளியே போனான். போலீஸில் சொன்னார்கள், பத்திரிகையில் போட்டார்கள், ஒரு தகவலும் இல்லை. மறு வருஷம் வாடகை தாறுமாறாக ஏறித் தெருவே காலியானது. புது முகவரியை எதிர்க்கடைக் கருப்பையாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் கருப்பையாவும் கடையைக் கட்டிவிட்டார். ஆனாலும் மகன் திரும்பி வந்தால் இந்த வாசலுக்குத்தானே வருவான்? ரதம் என்றால் அவனுக்கு உயிர். அன்றைக்கா வராமல் போவான்? பக்கிரிசாமி இதைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்.

வீடு பல வருஷம் பூட்டிக் கிடந்து, பிறகு ஹோட்டல் ஆனது. இவர்கள் குடியிருந்தபோது, சுவர் உதிர்கிறது, கொஞ்சம் சுண்ணாம்பு அடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சாத நாளில்லை. வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது அதே உதிர்ந்த சுவருக்கு விளக்குப் போட்டு, அழகு என்று காட்டுகிறார்கள். என்னத்தைச் சொல்ல! கடையின் பழைய போர்டைக்கூட வாசலில் மாட்டியிருந்தார்கள். மகனுக்கு அடையாளம் தெரியுமே என்று நல்லம்மாளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். உள்ளே மட்டும் அவள் போனதில்லை. வாழ்ந்த வீட்டுக்குள் விருந்தாளியாகப் போக யாருக்கு மனசு வரும்?

இந்த வருஷம் சர்க்கரை வியாதி அவளை உள்ளே தள்ளியது. ரதம் வரத் தாமதமானது. அவளால் அடக்க முடியவில்லை. முன்மேசையில் இருந்த ஷர்மினி என்ற பெண், "வாங்க ஆன்ட்டி, பாத்ரூம் உள்ளாரதான்," என்று கூட்டிப்போனாள்.

திரும்பி வரும்போதுதான் நல்லம்மாள் அந்தச் சுவரைப் பார்த்தாள். அவள் படம். பக்கிரிசாமி சட்டம் போட்டு, மாதிரிக்காகக் கடையில் மாட்டியிருந்தது. காலி செய்த அன்று அவள்தான் அதை வேண்டுமென்றே ஆணியில் விட்டு வந்தாள், மகன் எட்டிப்பார்த்தால் நம் வீடுதான் என்று தெரியட்டும் என்று. அந்தப் படத்துக்கு இப்போது ஒரு சந்தன மாலை போட்டிருந்தது.

"இந்த மாலைய யாரும்மா போட்டது?"

"டெக்கரேஷன் செஞ்சவங்க, ஆன்ட்டி. கோலாலம்பூர்லேர்ந்து வந்தாங்க. லிட்டல் இந்தியா மாதிரி இருக்கணும்னு போட்டாங்க. எறந்தவங்கதானே, பொருத்தமாத்தான் இருக்குன்னு நானும் விட்டுட்டேன்."

"எறந்தவங்களா? நல்லா இருக்கு போ! அது நான்தான்லா."

நல்லம்மாளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஷர்மினி படத்தைப் பார்த்தாள், எதிரில் நின்றவளின் தாடை மச்சத்தைப் பார்த்தாள்.

"அப்ப அந்த அண்ணன்... ஆடி அமாவாசைக்கு ஒருத்தர் வருவாரு, ஆன்ட்டி. மொத தடவ வந்தப்ப, இந்தப் படத்தப் பாத்து, எங்கம்மான்னு சொல்லி அப்படியே கீழ ஒக்காந்துட்டாரு. ஒண்ணுமே கேக்கல. அப்பறம் வருஷா வருஷம் அஞ்சடியில எல போட்டுப் படைப்பாரு. தோசையும் சீனியும்."

தோசைக்குச் சீனி தொட்டுச் சாப்பிடுகிறாளே என்று வீட்டில் எல்லோரும் நல்லம்மாளைக் கேலி செய்வார்கள். வியாதி வந்தபின் அவள் சீனியைத் தொடுவதே இல்லை.

"நம்பர் குடுத்தானாம்மா?"

"நான் கேக்கலியே, ஆன்ட்டி. எங்கேயோ வெளிநாட்டுலேர்ந்து வர்றாருன்னு தெரியும். போன ஆடியில, இதான் கடைசின்னு சொன்னாரு. காசி, கயால்லாம் போறாராம். அங்க ஒரேயடியா செஞ்சிட்டா அம்மாவுக்கு மோட்சமாம். இனிமே இங்க வர வேண்டியதில்லன்னு சொன்னாரு." அந்தப் பெண் அழத் தொடங்கினாள். "மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

இத்தனை காலம் பிள்ளை வந்த வாசலில்தான் நல்லம்மாளும் நின்றிருக்கிறாள். அவன் உயிரோடு வருவான் என்று அவள் தைக்கு வந்தாள். அவள் செத்துப்போனாள் என்று அவன் ஆடிக்கு வந்தான். அவனுக்காக விட்டு வந்த படமே அவளைக் கொன்றுவிட்டது.

"அந்த மாலையக் கழட்டிரு," என்று மட்டும் சொன்னாள். ஷர்மினி நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினாள்.

வெளியே தேங்காய்கள் சிதறும் சத்தம் கேட்டது. ரதம் வந்துவிட்டது. நல்லம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். அர்ச்சகர் குனிந்து தட்டை வாங்கினார்.

"யார் பேருக்கும்மா?"

ஒவ்வொரு வருஷமும் புவனேஸ்வரன், பூரட்டாதி என்பாள். எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் என்பதற்காக. இருக்கிறான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

"நல்லம்மாள்," என்றாள்.

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகில் கையை வைத்தார்.

"நல்லம்மாள்!" என்று அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "உயிரோடதான் இருக்கேன், சாமி!"