ஒரே மருந்து

கத்திரிக்குப் பல் டாக்டர் என்றால் பயம். தெருவில் எல்லோரும் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சலூன் வைத்திருப்பவருக்கு வேறு என்ன பட்டப்பெயர் வரும். நாள் முழுக்க அடுத்தவர் தொண்டையில் சவரக்கத்தி வைத்து வேலை செய்கிற மனிதர், தன் வாயை ஒருவர் முன்னால் திறக்க வேண்டும் என்றால் மட்டும் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார்.

"உங்க நாற்காலியில உக்கார்றவங்க யாராச்சும் இப்படிப் பயப்படறாங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"அவங்க கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே இருக்காங்க. அங்க கண்ணாடி ஏது?"

அதனால் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்ததும் அவர் மாத்திரையில் இறங்கினார். மெடிக்கல் ஷாப்பில் பல்வலிக்கு என்று கேட்டு ஓர் அட்டை வாங்கினார். அது கேட்கவில்லை என்று உடம்பு வலிக்கு விற்கிற இன்னோர் அட்டையையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தபோது மனைவி தன் பங்குக்கு ஜலதோஷப் பொடியை வெந்நீரில் கலக்கிக் கொடுத்தாள். அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். தினமும் எத்தனையோ பேர் அந்தப் பொடியை வாங்கிப் போவதைப் பார்க்கிறவள். சட்டைப் பையில் இருந்த அட்டைகள் அவளுக்குத் தெரியாது. அவரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வலி எழும்பினால் கை பைக்குள் போனது, அவ்வளவுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. பிறகு வாந்தி. வாந்தியோடு சலூனைத் திறக்கக் கிளம்பியவரை அவள் வாசலில் மறித்தாள்.

"இப்ப நீங்க வரலேன்னா பல் டாக்டரை சலூனுக்கே கூட்டிட்டு வந்துருவேன். கஸ்டமருங்க முன்னாடி வாயைத் திறக்கணும், சொல்லிட்டேன்."

வந்தார்.

பல் டாக்டர் ஏதோ பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே வேலை செய்கிறவர். கையுறை மாட்டியபடி, "வலிக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டார். கத்திரி பையைத் துழாவிக் காலி அட்டைகளை எடுத்து டிரேயில் வைத்தார். "அப்புறம் இவ குடுத்த ஜலதோஷப் பொடி" என்று மனைவியைக் காட்டினார். டாக்டர் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைத் திருப்பினார். முனகல் நின்றுபோனது.

"இதெல்லாம் ஒண்ணாவா போட்டீங்க?"

"ஒண்ணு கேக்கலேன்னா இன்னொண்ணு."

"இதுக்கு மேல வேற இருக்கா?"

"வேற சட்டையில இருக்கும்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். வாயைத் திறக்கச் சொல்லவே இல்லையே என்ற சந்தோஷத்தில் கத்திரி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். டாக்டர் போனை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க. நான் பேசி வைக்கறேன்."

"பல்லுக்கா டாக்டர்?" என்றாள் அவள்.

"பல்லு கெடக்குதும்மா."

அவள் டிரேயில் கிடந்த காலி அட்டைகளை அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படுக்க வைத்தார்கள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு டாக்டரம்மா வந்து கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். "யாரோ தெரியாதவன் வெட்டியிருக்கான். பின்னாடி ஒரு பக்கம் ஏறி இருக்கு பாத்தியா?" என்றார் கத்திரி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"அட்டை வேற, பொடி வேற, பேரும் வேற வேற. ஆனா உள்ள இருக்கறது ஒரே மருந்தும்மா. பாராசிட்டமால்."

"காய்ச்சல் மாத்திரைதானே? குழந்தைக்கே குடுக்கறோமே."

"அளவோட இருந்தா நல்ல மருந்துதான். அளவு மீறினா கல்லீரலைப் பிடிச்சிக்கும். இவரு சாப்பிடாம வேற கெடந்திருக்காரு. ரத்தத்துல இப்பவே தெரியுது."

அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். அவர் பக்கத்துக் கட்டில் ஆளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருக்காரு டாக்டர்."

"அதாம்மா இதுல கஷ்டமே. உள்ள கெட்டுக்கிட்டு இருக்கும்போது ஆளு வெளிய நல்லாத்தான் இருப்பாரு. நாளைக்கு, நாளன்னைக்குத்தான் முழுசாத் தெரியும். விஷத்தை முறிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு கவலைப்பட வேண்டாம். இப்பவும் ஏத்தித்தான் ஆகணும்."

பிழைத்துவிடுவாரா என்று கேட்க வாயெடுத்தவள் வேறு ஒன்றைச் சொன்னாள். "அந்தப் பொடியை என் கையாலதான் கலக்கிக் குடுத்தேன்."

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார்.

மருந்தைப் பாட்டிலில் கலக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடித்தது. "இதையா எனக்குள்ள விடறீங்க?" என்று கத்திரி முகம் சுளித்தார். நர்ஸ் சிரித்தபடி டிரிப்ஸை ஓடவிட்டாள். பாட்டிலில் மட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், அவர் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். பிறகு மார்பை. சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோல் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. அவர் எதையோ சொல்ல வந்தார், சொல்லுக்குப் பதிலாக நெஞ்சிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. உதடு வீங்கிக்கொண்டே போவது அவள் கண்ணெதிரே தெரிந்தது.

"சிஸ்டர்!"

நர்ஸ் ஓடிவந்து குழாயின் சக்கரத்தை உருட்டி மருந்தை நிறுத்தினாள். டாக்டரம்மா வந்தார், ஊசி போட்டார், மூக்கில் மாஸ்க் வைத்தார்கள். விசில் மெல்ல அடங்கியது. அவர் முகம் வேர்த்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவர் கண்ணில் நிஜமான பயத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"மறுபடி ஏத்தணும்," என்றார் டாக்டரம்மா. "இந்த மருந்துல இது சிலருக்கு வரும். வேகமா போனதால வந்தது. இந்தத் தடவை ரொம்ப மெதுவா விடுவோம், நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"வேணாம்," என்றார் கத்திரி மாஸ்க்குக்குள்ளிருந்து. "ஆளை விடுங்க. ஏய், நீ சொல்லு இவங்ககிட்ட."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நல்லது என்று நினைத்துத் தான் ஆற்றி ஆற்றிக் கொடுத்த டம்ளர் அவள் கண்முன் வந்தது. இதுவும் நல்லது என்றுதான் சொல்கிறார்கள். எதை நம்புவது? அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திட்டா என்ன ஆகும் டாக்டர்?"

"கல்லீரலுக்குத் துணைக்கு வேற எதுவும் இல்லம்மா."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, என் மேல நம்பிக்கை இருக்கா?"

அவர் ஊசி குத்தியிருந்த கையைத் தானே நீட்டினார்.

இந்த முறை மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒவ்வொரு சொட்டு விழும்போதும் அவள் அவர் கழுத்தைப் பார்த்தாள். சிவப்பு திரும்பி வரவில்லை.

மறுநாள் அவள் தம்பி வந்தான். லாரி ஓட்டுகிறவன், லோடைப் பாதியில் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான். "மாமா, என்ன இது கோலம்?" என்று சிரிக்க ஆரம்பித்தவன், அவர் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். வெள்ளை விழி மஞ்சளாகியிருந்தது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சு மாற்ற மாற்ற நனைந்தது. ரத்தம் உறையவில்லை என்றார்கள். அதனால் பல்லைத் தொடவும் முடியாதாம்.

டாக்டரம்மா வந்து அவரைக் கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். "பஸ்ஸை நிறுத்தற மாதிரி காட்டுங்க. அப்படியே வைங்க."

கை ஆடாமல் நின்றது. டாக்டரம்மா தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் அதே மாதிரி நீட்டச் சொன்னபோது மணிக்கட்டு சட்டென்று தொங்கியது, நிமிர்ந்தது, மறுபடி தொங்கியது. மயிரிழை பிசகாமல் கத்தி பிடிக்கிற கை. அவரே அதை வேடிக்கை பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பது போல.

பிறகு எதிர்க் கட்டிலைக் காட்டி அவளிடம் சொன்னார்: "பெரியவர் ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருக்காரு. துண்டு எடுத்துக் குடு."

எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "துண்டு எங்கம்மா?" என்றார் மறுபடியும், கொஞ்சம் கோபமாக.

டாக்டரம்மா அவளிடமும் தம்பியிடமும் ஒளிக்காமல் பேசினார். கல்லீரல் வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறியிருக்கிறது, கை தொங்குவதும் இந்தப் பேச்சும் அதனால்தான். மருந்து வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். போனால், கல்லீரல் மாற்றுவதுதான் வழி. அதற்கான ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம்.

"என்னுது பொருந்துமான்னு பாக்கச் சொல்லுங்க," என்றான் தம்பி.

"டேய், உனக்கு—"

"நீ சும்மா இரு அக்கா. பாதி அறுத்தாலும் வளர்ந்துக்குமாமே. மாமா முடி வெட்டறாரே, அந்த மாதிரி."

அன்றே அவன் அந்த ஊருக்கு பஸ் ஏறிப் போனான். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். மார்பு உயர்ந்தது, அடுத்தது வரும்வரை அவளும் மூச்சை நிறுத்தினாள். கண்ணை மூடினால் அந்த இடைவெளியில் போய்விடுவார் என்று தோன்றியது. ஒரு பாட்டில் மாறியது, இன்னொன்று மாறியது. முட்டை நாற்றம் பழகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர் உட்கார்ந்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது.

"ரத்தத்துல அந்த அளவு நேத்தைவிடக் கொறஞ்சிருக்கும்மா."

"கொறஞ்சா... நல்லதா, கெட்டதா?"

"நல்லது. ரத்தம் உறைய ஆரம்பிச்சிருக்கு."

"நாளைக்குத் திரும்ப ஏறிடுமா?"

"ஏறாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா திரும்பி வர்ற பாதையில இருக்காரு."

சாயங்காலம் அவர் கண் திறந்தார். அவளைப் பார்த்தார், எதிர்க் கட்டிலைப் பார்த்தார். "அங்க யாரும் இல்லையே," என்றார் தயங்கியபடி. பிறகு பசிக்கிறது என்றார்.

அவள் படியிறங்கி வாசலுக்கு வந்தாள். கேன்டீன் எந்தப் பக்கம் என்று நினைவு வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது, குலுங்கிக் குலுங்கி, நிறுத்த முடியாமல்.

கேட்டுக்குள் நுழைந்த தம்பி அவளைப் பார்த்து அப்படியே நின்றான். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டரும் ஒட்டியிருந்தது. அவன் மெதுவாக வந்து, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பசிக்குதாம்டா."

"என்னது?"

"உங்க மாமாவுக்கு. பசிக்குதாம்."

"அதை முதல்ல சொல்லித் தொலைச்சிட்டு அழக் கூடாதா அக்கா," என்றான். அவன் குரலும் உடைந்திருந்தது. எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டி வாங்கக் கேன்டீனைத் தேடிப் போனான்.

அவளும் எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள். இத்தனை நேரம் அவரைத் தனியாக விட்டதே தப்பு என்று நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டது.