உதிரித் தோட்டா

துப்பாக்கி ஒருவர் கையிலேயே வெடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி, அதைக் கட்டியது யார் என்பதுதான். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று பிறகு கேட்பார்கள். கட்டியது நான். என் கூட்டாளி லமாரின் மகள் பிரின்லிக்குக் கண் போன செய்தி, ஊரில் பாதிப் பேர் வேலை செய்யும் உருளைக்கிழங்குக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஹாலிஸ் என்ற என் பேரும் கூடவே போய்ச் சேர்ந்திருந்தது.

ஐடஹோவில் குளிர்காலம் லேசில் முடியாது. சில பேர் பழைய டிராக்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் லமாரும் ரைஃபிள் கட்டினோம். குழல் ஓர் ஊரிலிருந்து வரும், விசை இன்னோர் ஊரிலிருந்து, தோளில் வைக்கிற கட்டை எங்கிருந்தோ வரும். என் கராஜில் வைஸ் என்ற இரும்புப் பிடியில் பிடித்து, பூட்டி, பிடிக்காமல் கழற்றி, மறுபடி பூட்டுவோம். லமாரை நல்ல வேலைக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று இறுகியதா என்று பார்ப்பதற்குள் அடுத்ததில் கை வைத்துவிடுவான். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒவ்வொன்றையும் அளந்து, மறுபடி அளந்து பார்ப்பது அவனுக்குச் சிரிப்பு. "நல்லவேளை நீ கல்யாணம் பண்ணிக்கல. அந்தப் பொண்ணையும் அளவெடுத்துத்தான்டா வீட்டுக்குள்ள விட்டிருப்ப" என்பான்.

அவன் வீட்டுக்கு நான் இரண்டு கட்டிக்கொடுத்திருந்தேன். நீளமானது அவன் மகள் பிரின்லிக்கு, மெல்லிய தோட்டா போடுவது. கைப்பிடிக்குக் கருநீலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். குட்டையானது லமாருக்கு, கன்றுக்குட்டிகளைச் சுற்றும் நரிகளுக்காக. அது தடித்த தோட்டா போடுவது. அந்தக் குட்டைக் குழலைப் போல அவ்வளவு கச்சிதமாக ஒன்றை நான் அதற்கு முன்னும் பொருத்தியதில்லை, பின்னும் பொருத்தியதில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டுக்கும் தோட்டா அடைக்கிற மேகசின் ஒன்றேதான். தோட்டாவின் அடிப்பாகமும் ஒன்றேதான். தடித்ததை மெல்லிய குழலுக்குக் கொடுத்தால் துப்பாக்கி மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். விசையை இழுத்த பிறகுதான் தெரியும், குண்டு போக வழியில்லை என்று. முன்னால் போக வேண்டிய அத்தனை வேகமும் முகத்துக்குத் திரும்பும். கட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் தடித்ததை அடைத்த மேகசினில் சிவப்பு ரப்பர் பட்டை மாட்டுவது எங்கள் வழக்கம். லமாருடைய மேகசின்களுக்கு நானே மாட்டிக்கொடுத்தேன்.

அவன் வயலுக்குப் பின்னால் இருக்கும் கல்குழியில், குறி வைத்துச் சுட்டுப் பழகும்போது அது நடந்தது. நான் அங்கே இல்லை. ஷெரிஃபின் ஆட்கள் வந்து பார்த்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். உடைந்த துப்பாக்கியை யாரும் கேட்கவில்லை. லமாரின் மனைவி ஜோலின் அதை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தாள், கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று.

வைஸில் மாட்டி அடித்துத் திறந்தேன். குழல் தொடங்கும் இடத்தில் ஒரு தடித்த குண்டு நசுங்கிச் சிக்கியிருந்தது. பின்னால் கிழிந்துபோன பித்தளை உறை. அதன் அடியில் பொறித்திருந்ததைப் படித்தேன். தடித்ததுதான். அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்வானேன், ஒரு பெண் பிள்ளை கண்ணை இழந்து கிடக்கிறாள், எனக்கு அந்த நேரத்தில் வந்தது சந்தோஷம்தான். என் வேலையில் குறையில்லை. பிறகு அதே துண்டில் கிடந்த மேகசினை எடுத்துப் பார்த்தேன். அதில் சிவப்புப் பட்டை இல்லை. உள்ளே மிச்சமிருந்ததெல்லாம் மெல்லிய தோட்டா. எனக்கு விளங்கிவிட்டது. லமார் சுட்டது போக மிஞ்சுகிற உதிரித் தோட்டாக்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வான். மேகசின் பாதி காலியாக இருந்தால் பையில் கைவிட்டு, வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, பார்க்காமலே நிரப்புவான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

இதை லமாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வண்டிச் சாவியை எடுக்கும்போதே ஜோலினின் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் கம்பளியில் சுற்றி லமாரின் துப்பாக்கிகள் அத்தனையும், தோட்டாப் பெட்டிகளும். ஒருவனுக்கு மனசு சரியில்லையென்றால் அவன் துப்பாக்கிகளைக் கூட்டாளி வீட்டுப் பெட்டகத்தில் வைப்போம். ஏன் என்று கேட்க மாட்டோம். ஜோலின் தானாகவே சொன்னாள்.

"கராஜ்லயே உக்காந்திருக்கார், ஹாலிஸ். சாப்பிடல. 'என் கைதான் ஏதோ பண்ணிடுச்சு'ன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கார். அவர் அண்ணனும் கடைசில இப்படித்தான் பேசினார்."

லமாரின் அண்ணன் வால்டோ தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டது ஊருக்கே தெரியும். உறையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், கிழிந்த உறை சட்டைப் பையில். லமாரிடம் சொல்ல முடியாவிட்டாலும் அந்தப் பெண்ணிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று. என் பேரில் அவளுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வலது கண்ணில் கட்டு. கன்னமெல்லாம் புள்ளிப் புள்ளியாகக் காயம். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே கேட்டாள்.

"தடிச்சதுதானே உள்ள இருந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"அப்பா பையிலருந்து எடுத்துப் போட்டதப் பார்த்தேன். அப்புறம் துப்பாக்கி சரியா மூடல. 'மூடலைன்னா ஒரு தட்டு தட்டு'ன்னார். தட்டினேன்." கண்கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டாள். "அங்கிள், நீங்க கட்டினதுலதான் தப்புன்னு சொல்லிடுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். என் வேலையில் இதுவரை ஒருத்தன் குறை சொன்னதில்லை, அந்தப் பேர் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது, அதை எடுத்து உன் அப்பன் செய்த கூத்துக்குப் பூசச் சொல்கிறாயா என்று கேட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிரின்லி நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"உங்க பேரு போனா நீங்க கோவப்படுவீங்க, கத்துவீங்க, அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவீங்க. அப்பா அப்படி இல்ல."

எழுந்து வந்துவிட்டேன். உண்மையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத்தான் செய்தேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

லமார் வந்தான். ஜோலின்தான் ஓட்டிவந்தாள், பிக்கப்பை விட்டு இறங்கவில்லை. அவன் முகத்தில் சவரம் இல்லை, ரத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. செத்தவன் எழுந்து வந்த மாதிரி என் வைஸுக்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்காமல் கேட்டான், "என் மேகசின்தானே? உண்மையச் சொல்லு."

உறை என் பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும், என் பேர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

"இல்ல. குழல நான் சரியா இறுக்கல" என்றேன்.

"நீயா?" அவன் நம்பவில்லை. நம்புவானா? "நீயா இறுக்கல? எதையும் நாலு தரம் பார்ப்பியேடா."

அதற்குப் பிறகு நான் செய்த காரியம்தான் கேவலம். என் வேலையை நானே கெஞ்சிக் கெஞ்சிக் கெடுத்தேன். வயதாகிவிட்டது என்றேன், அன்றைக்கு அவசரம் என்றேன், அளக்காமல் விட்டுவிட்டேன் என்றேன். அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது. அப்புறம் அடித்தான். கீழே விழுந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது எனக்கெதிரே உயிருள்ள ஒரு மனிதன் நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வழிய, இது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. "என் சாமான் ஒண்ணுகூட உன் வீட்டுல இருக்கக் கூடாது" என்றான். எல்லாம் தன் தம்பி வீட்டுக்குப் போகட்டும் என்று ஜோலின் வண்டியிலிருந்தே சொன்னாள். இன்றைக்குத் தம்பி வீடு. நாளைக்கு இவன் மனசு சரியானதும் வீட்டுக்குத் திரும்பிவிடும். மேகசின்மேல் தப்பில்லை என்று நானே சத்தியம் செய்தாகிவிட்டது. இனி இவன் அந்தக் கோட்டுப் பைப் பழக்கத்தை எதற்கு மாற்றிக்கொள்வான்? குட்டை ரைஃபிள் அந்த வீட்டில் இருக்கும்வரை தடித்த தோட்டாவும் இருக்கும். என் பொய்யின் விலை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெட்டகத்தைத் திறந்தேன். குட்டையானதையும் அதன் தோட்டாப் பெட்டிகளையும் உடம்பால் மறைத்துக்கொண்டு மற்றதை எடுத்துக் கொடுத்தேன். அவன் விடுவானா? சின்னது எங்கே என்றான்.

"வித்துட்டேன்."

இந்தத் தடவை அவன் அடிக்கவில்லை. "எம்பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குறா. நீ என் துப்பாக்கிய எடுத்து வித்திருக்க" என்றான், மெதுவாக. ஜோலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் போனதும் குட்டை ரைஃபிளை வைஸில் பிடித்தேன். இரும்பு ரம்பத்தை எடுத்து, நான் பொருத்தியதிலேயே நல்ல குழலை நானே துண்டு துண்டாக அறுத்தேன். அழுதேன், ஒளிப்பானேன். தோட்டாப் பெட்டிகளைக் கழிவுக் கிடங்கில் ஒப்படைத்தேன்.

அப்புறம் யாரும் என்னிடம் துப்பாக்கி கொண்டுவரவில்லை. லமார் எல்லாரிடமும் சொன்னான், நன்றாகவே சொன்னான். துப்பாக்கிகள் அவன் வீட்டுக்குத் திரும்பின. தன் அடுத்த வீட்டுக்காரர் கராஜில் மெல்லிய தோட்டாவுக்குப் புதிதாக ஒரு ரைஃபிள் கட்டுகிறான் என்றுகூடக் காதில் விழுந்தது. சொல்லட்டும், கட்டட்டும், ஆள் இருக்கிறானே என்று இருந்தேன்.

இலையுதிர் காலத்தில் தீவனக் கடையில் அவனுக்குப் பின்னால் நிற்கும்படி ஆயிற்று. பக்கத்தில் பிரின்லி, கண்ணாடிக் கண்ணோடு. அவன் அதே கோட்டைப் போட்டிருந்தான். வண்டிச் சாவியைத் தேடிப் பையில் இருந்ததை எல்லாம் கல்லா மேசையில் கொட்டினான். ஓர் ஆணி, கயிற்றுத் துண்டு, கசங்கிய சூயிங்கம், ஒரு தடித்த தோட்டா.

பெட்டிகளை யோசித்தேனே, இந்தப் பையை யோசிக்கவில்லை. அந்தத் தோட்டாவுக்கு அவன் வீட்டில் இப்போது துப்பாக்கி கிடையாது. ஆனால் அதே மேகசின் போடுகிற எந்தத் துப்பாக்கியும் அதை வாங்கிக்கொள்ளும்.

கை நீட்டி எடுத்து மூடிக்கொண்டேன். லமார் என் மணிக்கட்டைப் பிடித்தான். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதையும் வித்துடலாம்னு பாக்குறியாடா, திருட்டு நாயே?"

கையை முறுக்கினான். எலும்பு நெரிந்தது. நான் பிரின்லியைப் பார்த்தேன். அவள் நல்ல கண் என் மூடிய கையின் மேல் இருந்தது. அவள் வெளுத்துப்போயிருந்தாள்.

"விடுங்கப்பா, அவர்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அவன் விடவில்லை. இன்னும் முறுக்கினான். வலியில் உயிர் போனது. கையை நான் திறக்கவில்லை.