ரிப்பனில் ஒரு வரி

ஊர் கால்பந்து கிளப்பின் பழைய கோச்சின் மகள் காலை பத்து மணிக்குப் பெயிண்டரின் பட்டறைக்கு வந்தபோது, அவர் ஒரு மருந்துக்கடைப் பலகையில் பாதி எழுத்தில் இருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அங்கிள், அப்பாவை இன்னிக்கு நாலு மணிக்கு அடக்கம் பண்றோம். கிளப் ஆபீஸ்லேர்ந்து மலர்வளையம் வருதாம். அது வரட்டும். எனக்கு ரசிகர்கள்கிட்டேர்ந்து ஒரு வரி வேணும். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி உள்ள வெச்சு அனுப்பணும்."

"ஒரு வரின்னா... என்ன வரிம்மா?"

"எதுவானாலும் சரி. ரெண்டு வருஷமா அப்பா வெளிய போயிட்டு வந்தா அம்மா கேப்பாங்க, யாராவது பேசினாங்களான்னு. இல்லைம்பாரு. அப்புறம் அம்மா கேக்கறதை விட்டுட்டாங்க."

கடைக்காரர்களுக்கெல்லாம் "நாளைக்கு, நாளைக்கு" என்றே சொல்லிப் பழகிய வாய் அன்று மாறிச் சொன்னது. "நாலு மணிக்கு முன்னாடி உங்க கையில இருக்கும்மா."

அவள் பட்டறைச் சுவரைப் பார்க்காமல் போனது ஒரு புண்ணியம். அங்கேதான், சுருட்டி ஆணியில் மாட்டியபடி, அவர் கையாலேயே எழுதிய அந்தப் பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடி வெள்ளைத் துணி, சிவப்பில் இரண்டே வார்த்தை: போதும், கிளம்பு. பதினோராவது மேட்ச் அன்று கேலரியில் விரித்தார்கள். மறுநாள் காலையே கோச்சின் சீட்டு கிழிந்தது. ஆடுகளத்தின் நடுவில் நின்று மனிதர் நிமிர்ந்து அதைப் படித்தது பெயிண்டருக்கு இன்னும் கண்ணிலேயே இருந்தது. அன்று பேனரின் நாலு மூலையையும் பிடித்தவர்கள் யார் என்று இப்போது ரசிகர் சங்கத்தில் கேட்டால், யாரும் பிடிக்கவில்லை. அது காற்றில் தானாகவே நின்றிருக்கிறது.

வேலை போன பிறகு கோச் ஊரைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரு தடவை வேன் கதவில் எழுதுவதற்காகப் பட்டறைக்கே வந்தார். முடிந்ததும் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "உங்க எழுத்து தூரத்துலேர்ந்தும் நல்லாத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். குத்திக் காட்டினாரா, பாராட்டினாரா என்று பெயிண்டர் இன்றுவரை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு வேன் தெருமுனையில் திரும்பினால் இவர் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

ஒரு வரி எழுத அவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவரும் உறுப்பினராக இருந்த ரசிகர் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. சங்கத்தின் பெயரில் ஒரு எழுத்து வெளியே போவதானாலும் ஒன்பது உறுப்பினர்களின் ஒன்பது கையும் உயர வேண்டும். யாரோ ஒருவர் எதிரணி கோல்கீப்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பித் தொலைத்ததில் பிறந்த விதி. பேனருக்கும் கை தூக்கினார்கள். கேள்வியைத் தலைவர் கேட்டு முடிப்பதற்குள் ஒன்பது கையும் மேலே இருந்தது.

"ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு வரி எழுதப் போறீங்களா? உருப்பட்ட மாதிரிதான்" என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டை நகர்த்தியபடி. "நீங்களே நல்லதா ரெண்டு வார்த்தை எழுதிக் குடுத்துட்டு வாங்களேன்."

"சங்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"ஆமா, இருக்கு" என்றாள் அவள்.

ஒரு மணிக்குச் சங்கம் கூடியது. தலைவர் பல் டாக்டர் என்பதால் சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில்தான். சுவரில் அழுகிய ஈறுகளின் வண்ணப்படம், அதன் கீழே சங்கக் கொடி. வாயைப் பிளந்து கிடப்பவர்களிடமே முப்பது வருடம் பேசியவர் தலைவர். பதில் வரும் என்ற எதிர்பார்ப்பு அவருக்குச் சுத்தமாகக் கிடையாது.

முதலில் ஒரு நிமிட மௌனம். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர், சங்கத்தில் 'புள்ளிவிவரம்', கடிகாரத்தைப் பிடித்தார். ஐம்பத்திரண்டாவது நொடியில் டயர்க்கடைக்காரரின் செல்போன் கிளப்பின் வெற்றிப் பாட்டைப் பாடியது. மிச்சம் எட்டு நொடியைத் தனியாக நிற்பதா, முதலிலிருந்து தொடங்குவதா என்று பத்து நிமிடம் போனது.

பெயிண்டர் வெள்ளை சாட்டின் ரிப்பனை டீப்பாயில் விரித்து, கறுப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பிரஷோடு உட்கார்ந்தார். "காய அரை மணி நேரமாவது வேணும். சட்டுனு சொல்லிட்டீங்கன்னா..."

டயர்க்கடைக்காரர் எழுந்தார். கேலரியிலிருந்தே ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் என்பதால் அவருக்கு 'ரெட் கார்டு' என்று பெயர். "எழுதுங்க. 'அவசரப்பட்டு நீக்கப்பட்ட எங்கள் அருமைக் கோச்சுக்கு.'"

"அவசரமா?" என்றார் தலைவர். "பதினோரு மேட்ச் பார்த்தோம். நான் ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவைதான் பார்ப்பேன்."

"ரெண்டு ஜெயம், நாலு டிரா, அஞ்சு தோல்வி" என்றார் புள்ளிவிவரம் நோட்டைப் புரட்டி. "ஆனா அஞ்சுல மூணு, எண்பதாவது நிமிஷத்துக்கு மேல வாங்கின கோல்."

"கேட்டுக்கோங்க! எண்பது நிமிஷம் அந்த மனுஷன் டீமைத் தாங்கியிருக்காரு. அப்புறம் வந்த நாலு கோச்சும் சேர்ந்து நம்மளைக் கீழ் டிவிஷன்ல கொண்டுபோய்த் தள்ளினாங்க. சீசன் முடியற வரைக்குமாவது விட்டிருக்கணும்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"எப்போ சொன்னே? தண்ணி பாட்டிலை வீசறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நான் லைன்ஸ்மேனைக் குறி வெச்சு வீசினேன்யா! கோச் குறுக்க வந்தா நான் என்ன பண்றது?"

அறை இரண்டாகப் பிரிந்தது. ஐந்து பேர் 'உரிய காலம்', மூன்று பேர் 'அவசரம்'. பெயிண்டரை யாரும் எண்ணவில்லை; அவர் எழுதுகிறவர். சுவர்க் கடிகாரத்தில் முள் இரண்டைத் தாண்டியது. பிரஷ் நுனியில் பெயிண்ட் தோல் கட்டியது. அவர் டர்பன்டைனில் முக்கி மறுபடி தயாரானார்.

"டாக்டர்," என்றார் தொண்டையைக் கனைத்து. "'மன்னிச்சிடுங்க'ன்னு மட்டும் எழுதிடலாமா?"

அந்த ஒரு விஷயத்தில் அறை ஒன்று சேர்ந்தது.

"மன்னிப்பா? கேட்டா நாம தப்பு பண்ணினோம்னு ஆயிடாது?"

"அப்போ நீக்கினது கிளப் நிர்வாகம். நாம வெறும் ஆலோசனைதான் சொன்னோம்."

"பன்னிரண்டு அடியில" என்று முனகினார் பெயிண்டர். யார் காதிலும் விழவில்லை.

மூன்றே காலுக்குத் தலைவர் சமரசம் கண்டுபிடித்தார். தானே எழுந்து நின்று, கொடிக்குப் பக்கத்தில் நின்று, வாசித்தார்: "தங்கள் நீக்கம் உரிய காலத்திலா, அதற்கு முன்பா என்பதில் சங்கத்தின் இரு கருத்துகளையும் பதிவு செய்து, ஆழ்ந்த அனுதாபங்களுடன்."

கைதட்டினார்கள். செத்துப்போனவருக்குத் தட்டுகிறோம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்கள். எட்டுக் கை உயர்ந்தது. எல்லோரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். அவர் மணியைப் பார்த்தார். பிரஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார்.

மூன்றடி ரிப்பனில் அத்தனையும் அடங்க எழுத்து எறும்பு அளவுக்கு இறங்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடத் தொழிலில் இவ்வளவு பொடியாக அவர் எழுதியதே இல்லை. முடித்ததும் இரண்டு உள்ளங்கையிலும் ரிப்பனைத் தாங்கி, பையைத் தோளில் மாட்டி, கிடைத்த ஆட்டோவில் ஏறிக் காற்றில் காய வைத்துக்கொண்டே போனார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கியபோது மூன்று ஐம்பது. உள்ளே முப்பது நாற்பது பேர். பெட்டி திறந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் தள்ளி நின்றார்கள்.

பெயிண்டர் மதில் கட்டையில் உட்கார்ந்து ரிப்பனைப் படித்தார். தொழில்காரனுக்கே கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. மெல்லத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பையில் டப்பா இருந்தது, பிரஷ் இருந்தது. பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை. மூன்று நிமிடம். காயாவிட்டால் என்ன, கோச் என்ன அவசரத்திலா இருக்கிறார்.

மூடியைத் திறந்தார். பிரஷைத் தோய்த்தார். முதல் எழுத்துக்கு இடம் பார்த்துக் கையைக் கொண்டுபோனார்.

தலைவரின் கார் வந்து பக்கத்தில் நின்றது. ஐந்து பேர் கசங்கி இறங்கினார்கள். மீதிப்பேர் பின்னால் இரண்டு பைக்கில்.

"காஞ்சிடுச்சா?" என்றார் தலைவர். பிறகு குனிந்து பார்த்தார். "பின்பக்கம் என்ன பண்றீங்க?"

பெயிண்டர் ஒன்பது பேரையும் பார்த்தார், தன்னையும் சேர்த்து.

"ஒண்ணுமில்லை டாக்டர்." டப்பாவை மூடினார். பிரஷைப் பைக்குள் போட்டார். ரிப்பனை முன்பக்கம் திருப்பினார்.

பெட்டியருகே அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். படித்தாள். முகத்துக்கு அருகே கொண்டுபோய் மறுபடி படித்தாள். சில எழுத்துகள் அவள் விரலில் ஒட்டிக்கொண்டன. பெட்டிக்குள் கோச் சவரம் செய்த முகத்தோடு, கிளப்பின் பழைய சட்டையில், யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி கிடந்தார்.

"இதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு அங்கிள்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேலம்மா."

"பேனருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நாப்பது நிமிஷம். காயறதையும் சேர்த்து."

அவள் தலையாட்டினாள். ரிப்பனை எழுத்து உள்ளே போகும்படி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "மூடிடுங்க" என்றாள் ஆட்களிடம்.

மூடினார்கள். திருகாணி முறுக்குகிற சத்தம் கேட்டது. பின்னால் ரெட் கார்டு அடிக்குரலில், "நல்ல மனுஷன்யா. அவசரப்பட்டுட்டோம்" என்றார். "பதினோரு மேட்ச்" என்றார் தலைவர், அதே அடிக்குரலில். புள்ளிவிவரம் நோட்டைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

பெயிண்டர் பட்டறைக்குத் திரும்பி மருந்துக்கடைப் பலகையின் மிச்ச எழுத்தைத் தொடப் பையைத் திறந்தார். கழுவாமல் போட்ட பிரஷ் கல்லாக இறுகியிருந்தது. டர்பன்டைனில் ஊறப் போட்டார். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார். இருட்டும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அது இளகவில்லை.